கழங்கும் கழையும்: வீட்டுப் பொருள்கள் வித்தைக் கருவிகளான வரலாறு

வேலியோரங்களிலும் கடற்கரை மணல்மேடுகளிலும் படர்ந்து வளரும் முட்கொடி கழற்சி. அதன் காயும் முள்ளுடையது. காய் முற்றி வெடித்தால் உள்ளே சாம்பல் நிறத்தில், வழுவழுப்பான ஓடு கொண்ட ஒன்றிரண்டு விதைகள் இருக்கும். இந்த விதைதான் சங்கப் புலவர்கள் பாடிய கழங்கு. விலை கொடுத்து வாங்க வேண்டாத இப்பொருளைத் தமிழ்ப் பெண்கள் மேலெறிந்து கையேந்தி ஆடினர். அவ்வாட்டம் இன்றும் சிற்றூர்த் திண்ணைகளில் முற்றாக மறைந்துவிடவில்லை.

எறிந்து ஏந்துதல், தலையில் நிறுத்துதல், கயிற்றில் நடத்தல் ஆகிய மூன்றும் உலகெங்கும் வித்தைக் கலையின் அடிப்படைகள். ஆங்கிலேயர் வழியாகச் 'சர்க்கஸ்' என்ற சொல் நம் நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இம்மூன்றும் தமிழகத்தில் வேரூன்றியிருந்தன. இவற்றுக்குரிய கருவிகள் அரண்மனைப் பட்டறைகளில் பிறந்தவையல்ல. வேலியில் கிடைத்த விதையும், அடுப்பங்கரையில் இருந்த குடமும், மலையில் வெட்டிய மூங்கிலும், வீட்டில் திரித்த நூலுமே கருவிகளாயின. அவ்வாறு அவற்றை மாற்றிய அறிவைப் பற்றி நம் இலக்கியங்கள் எந்த அளவு கூறுகின்றன, எந்த இடத்தில் மௌனம் கொள்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விதையும் பொன்னும்

கழங்கு இருவேறு கைகளில் இருவேறு பொருள் தந்தது. வெறியாட்டு நிகழ்த்தும் வேலன் கழங்கை இட்டுக் குறி பார்த்தான். தலைவியின் மெலிவுக்குக் காரணம் முருகன் என்றான். தொல்காப்பியக் களவியலும் கட்டு, கழங்கு என்னும் குறிபார்க்கும் முறைகளைச் சுட்டுகிறது. அதே விதை இளமகளிர் கையில் விளையாட்டுக் கருவியாயிற்று. வேலன் கையில் விதியைக் கூறிய பொருள், பெண்கள் கையில் விரைவையும் குறி தவறாமையையும் பயிற்றியது.

செல்வர் மனைகளில் இவ்விதையின் இடத்தைப் பொன் பிடித்தது. கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தபோது ஆலத்தூர் கிழார் பாடிய புறநானூற்று 36ஆம் பாடலில், ஆன்பொருநை மணலில் மகளிர் பொன்னாற் செய்த கழங்கு கொண்டு ஆடும் காட்சி இடம்பெறுகிறது. பெரும்பாணாற்றுப்படையும் பட்டினத்து மாடங்களில் பந்தாடி, பின் மணலில் பொற்கழங்கு ஆடும் மகளிரைக் காட்டுகிறது. பொன்னாற் செய்யப்பட்ட போதும் அதன் பெயர் மாறவில்லை. கழங்கு என்றே வழங்கியது. விதையே மூலம், பொன் அதன் போலி என்பதற்குப் பெயரே சான்றாகிறது.

ஆடுவோர் ஏன் கழற்சி விதையைத் தேர்ந்தனர்? கூழாங்கற்கள் ஒன்றுக்கொன்று எடையிலும் வடிவிலும் வேறுபடும். கழற்சி விதைகளோ பெரும்பாலும் ஒத்த அளவின. ஓடு கெட்டியாதலால் தரையில் விழுந்தாலும் உடைவதில்லை. எடை குறைவாதலால் புறங்கையில் ஏந்தினாலும் நோவதில்லை. பல பொருள்களை மாறிமாறி எறியும்போது கை ஒரே விசையையே பழகிக்கொள்கிறது. ஒன்று கனத்து மற்றொன்று இலேசாயின் அப்பழக்கம் குலையும். எனவே ஒத்த எடையே எறிகருவியின் முதல் இலக்கணம் ஆகிறது. கைப்பிடி விதைகளைக் குலுக்கி, தேர்ந்து, ஒவ்வாதவற்றைக் கழித்து ஐந்தையோ ஏழையோ வைத்துக்கொள்ளும் சிறுமி இவ்விலக்கணத்தைப் பள்ளியில் படித்தவளல்லள். தாயின் கையும் பாட்டியின் கையும் அவளுக்கு அதைக் கற்பித்தன.

நூலால் ஆன பந்து

பந்து பற்றிய செய்தி இதைவிட விரிவாகக் கிடைக்கிறது. கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை உ.வே. சாமிநாதையர் 1924ஆம் ஆண்டில் பதிப்பித்தார். முதலும் இறுதியும் கிடைக்காத நிலையிலேயே அக்காப்பியம் அச்சேறியது. அதன் வத்தவ காண்டத்தில் 'பந்தடி கண்டது' என்றொரு பகுதி உண்டு. உதயணனின் தேவியர் இருவருடைய தோழியரும் பந்தடித்துப் போட்டியிடும் நிகழ்ச்சி அங்கு விரிகிறது.

அப்போட்டிக்கு முன்னர்ப் புலவர் பந்து செய்யும் முறையைக் கூறுகிறார். அதில் வரும் பொருள்கள் கருதத்தக்கவை. கிடை எனப்படும் நெட்டி, பூளை, உலண்டு எனப்படும் பட்டுப்புழுவின் நூல் ஆகியவற்றைச் சேர்த்துப் பிடித்துத் திரட்டுகின்றனர். அதன்மேல் பீலியும் மயிரும் சுற்றப்படுகின்றன. பின்னர் நூலும் கயிறும் கொண்டு நுண்ணிதாக வரிந்து முடிக்கின்றனர். அவ்வாறு முடித்த பந்தின் நொய்ம்மையைப் பாம்பின் தோலோடும் நீரின் நுரையோடும் ஒப்பிடுகிறார் புலவர்.

செய்முறை நோக்கில் பார்த்தால் இவ்வடுக்கு முறை காரணத்தோடு அமைந்தது புலனாகும். குளத்தில் விளையும் நெட்டி மிக இலேசானது. உள்ளீடாக அது அமைந்தால் பந்தின் கனம் குறையும். பூளையும் மயிரும் அமுங்கி மீளும் தன்மையின. பந்து எழும்புவதற்கு அவை துணை செய்யும். மேலே இறுக்கிச் சுற்றிய நூல் உருண்டை வடிவத்தைக் காத்து, உள்ளிருப்பவை சிதறாமல் பிடிக்கும். இரப்பர் அறியாத காலத்தில் துள்ளும் பந்தொன்றைச் செய்வதற்கு இதைவிடப் பொருத்தமான வழி எளிதில் கிட்டாது. சங்க நூல்கள் பந்தை 'வரிப்பந்து' எனக் குறிப்பதும் இந்நூல் வரிகளையே சுட்டும்.

ஒரு காப்பியப் புலவர் கதையை நிறுத்திவிட்டு இப்பொருள்களை வரிசைப்படுத்தியமை தமிழ் ஆய்வுலகுக்குக் கிட்டிய பேறாகும். கீழடி முதலிய அகழாய்வுகளில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் கிடைத்துள்ளன. மண் சுடப்பட்டதால் ஈராயிரம் ஆண்டுகளும் தாங்கி நின்றது. நெட்டியும் நூலும் மயிரும் மண்ணுக்குள் ஒரு தலைமுறைக் காலம்கூட நில்லா. பாட்டில் இடம்பெறாதிருந்தால் அப்பந்து இருந்த சுவடே அறியப்படாமற் போயிருக்கும். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கோயில் கோபுரங்களை நெட்டியில் சமைக்கும் கைவினைஞர் அதனால் பெருமை பெற்றனர். ஆனால் நெட்டியை உள்ளீடாக வைத்துப் பந்து வரிந்த பெண்களின் கைவினைக்குப் பெருங்கதையின் சில அடிகளே எஞ்சிய சான்று.

எறிகாய் தந்த யாப்பு

கழங்குக்கும் பந்துக்கும் அடுத்து நிற்பது அம்மானை. மகளிர் பலர் அமர்ந்து காய்களை மேலெறிந்து ஏந்திப் பாடுவது இவ்விளையாட்டின் இயல்பு. சிலப்பதிகாரத்து வாழ்த்துக் காதையில் அம்மானை வரியும் கந்துக வரியும் அடுத்தடுத்து அமைகின்றன. மணிவாசகர் திருவண்ணாமலையில் அருளிய திருவம்மானையில் 20 பாடல்கள் உள்ளன. பெண்பாற் பிள்ளைத்தமிழில் அம்மானை ஒரு பருவமாகவே நிலைபெற்றது. அங்குப் புலவர்கள் முத்தாலும் மாணிக்கத்தாலும் அம்மானை செய்து தம் தலைவியின் கையில் கொடுத்தனர்.

கவிஞர்கள் கருத வேண்டிய செய்தி கலம்பகத்து அம்மானையில் இருக்கிறது. பிள்ளைப் பெருமாள் ஐயங்காரின் திருவரங்கக் கலம்பகம் போன்ற நூல்களில் இவ்வுறுப்பு ஐந்தடியில் அமையும். முதலிரண்டு அடிகளில் ஒருத்தி ஒரு செய்தியைக் கூறுவாள். அடுத்த இரண்டு அடிகளில் இரண்டாமவள் அச்செய்தியின் சொற்களையே எடுத்துக்கொண்டு ஐயம் எழுப்புவாள். இறுதி அடியில் மூன்றாமவள் அந்த ஐயத்தின் சொல்லைப் பற்றிச் சிலேடையாக விடையிறுப்பாள். ஒருத்தி விட்ட காயை மற்றொருத்தி ஏந்துவது போல, ஒருத்தி விட்ட சொல்லை மற்றொருத்தி ஏந்துகிறாள். சொல் தரையில் விழாமல் மூவர் கையில் சுழன்று முடிகிறது. யாப்பின் வடிவம் எறிகருவியின் ஓட்டத்தைப் பின்பற்றி அமைந்தமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

பிற்காலத்தில் இராமப்பய்யன் அம்மானை முதலிய கதைப்பாடல்களில் 'அம்மானை' என்பது வெறும் இசைநிறைச் சொல்லாக மாறியது. போர்க்கதையைக் கேட்டோர் கையில் காய் ஏதும் இல்லை. கருவி கையைவிட்டு நீங்கிய பின்னும் அதன் பெயர் பாட்டில் தங்கிவிட்டது.

குடமும் மரக்காலும்

அடுப்பங்கரையிலிருந்து ஆடுகளத்துக்கு வந்த கருவி குடம். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடிய 11 ஆடல்களுள் மாயோன் ஆடிய குடக்கூத்தும் ஒன்று. கொற்றவை ஆடிய மரக்காலாடலும் ஒன்று. குடக்கூத்தை வைணவ உரைமரபு விளக்கும் முறை சுவையானது. ஆனிரைச் செல்வத்தால் செருக்குற்ற ஆயர், தலையில் அடுக்குக் குடமும் தோள்களில் குடமும் நிற்க, கைக்குடங்களை வானில் எறிந்து ஏந்தி ஆடுவதே அக்கூத்து என்பர். நிறுத்துதலும் எறிதலும் ஒருங்கே நிகழும் இவ்வாட்டம் இன்றைய வித்தையரங்குகளிலும் எளிதிற் காணக்கூடியதன்று. திருநாங்கூர் அரிமேய விண்ணகரத்துப் பெருமான் குடமாடு கூத்தன் என்னும் திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கிறார். பால் கறந்து வைக்கும் கலம் இறைவனின் பெயரிலேயே இடம்பெற்றுவிட்டது.

இம்மரபின் தொடர்ச்சியைக் கரகாட்டத்தில் காணலாம். ஆட்டக் கரகத்துக்கு உரிய செம்பு வெறுமையாக வைக்கப்படுவதில்லை. அதனுள் அரிசியோ மணலோ இட்டு எடை கூட்டுவர். வாயில் பூங்கூட்டை அமைத்து உச்சியில் கிளி பொருத்துவர். கனம் கூடினால் ஆடுவது கடினமாகும் என்றே காண்போர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. கனம் மிக்க செம்பு எளிதில் அசைவதில்லை. தலை சற்றே திரும்பினாலும் அது தன்னிலையில் நிற்க முயலும். உள்ளே இடப்படும் பொருளின் அளவு ஆடுபவரின் கழுத்துக்கும் உயரத்துக்கும் ஏற்ப மாறும். அந்த அளவை ஏட்டில் எழுதிவைத்தவர் இலர். கரகம் கட்டுபவரின் கையே அதற்குப் படி.

கழையும் கயிறும்

வித்தைக் கருவிகளுள் மிக எளியதும் மிக அச்சம் தருவதும் கயிறு. நற்றிணை 95ஆம் பாடலில் கோட்டம்பலவனார் ஒரு காட்சியைத் தீட்டுகிறார். இசைக்கருவிகள் முழங்க ஆடுமகள் நடந்த முறுக்கேறிய கயிறு, ஆட்டம் முடிந்த பின்னும் கட்டப்பட்டே கிடக்கிறது. செம்முக மந்தியின் குட்டி அதில் தொங்கி ஆடுகிறது. அது கண்ட குறச்சிறுவர் பாறைமேல் ஏறித் துள்ளித் தாளம் கொட்டுகின்றனர். அத்தகைய மலையூரில் வாழும் கொடிச்சியின் கையில், பிறர் அவிழ்க்க முடியாதபடி கட்டுண்டது தன் நெஞ்சு என்கிறான் தலைவன். கயிற்றுக் கட்டு நெஞ்சின் கட்டாக முடிகிறது. வித்தை முடிந்ததும் கருவி சிறுவர்க்கும் குரங்குக்கும் விளையாட்டுப் பொருளாவதைப் புலவர் கூர்ந்து கண்டிருக்கிறார்.

குறுந்தொகை 7ஆம் பாடலில் பெரும்பதுமனார் வேறொரு கோணத்தில் இதே கருவியைத் தொடுகிறார். மூங்கில் அடர்ந்த காட்டு வழியில் இளங்காதலர் செல்வதைக் கண்டோர் இரங்குகின்றனர். காற்றில் ஒலிக்கும் வாகை நெற்றின் ஓசைக்கு, கயிற்றின்மேல் ஆடும் ஆரியரின் பறையொலி உவமையாகிறது. வடபுலத்திலிருந்து வந்த கழைக்கூத்தரை அது குறிக்கும் என்பர். அப்பறை ஒலிக்கும்போது காண்போர் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிடும். எங்கே விழுந்துவிடுவாரோ என்ற அந்த அச்சமே காதலரை நோக்கும் கண்டோர் மனத்திலும் இருக்கிறது. உவமையின் பொருத்தம் ஓசையோடு முடியவில்லை என்பது தெளிவு.

கழை என்றால் மூங்கில். கழைக்கூத்து என்னும் பெயரே கருவியால் வந்தது. தெருமுனைகளில் இவ்வாட்டம் நிகழ்த்துவோர் இரண்டிரண்டு மூங்கில்களைக் குறுக்காகக் கட்டி இரு கவைகளாக நிறுத்துவர். அவற்றின்மேல் கயிற்றை ஏற்றி, இருமுனைகளையும் நிலத்தில் முளையடித்து இறுக்குவர். கயிற்றின் இழுவிசையே கவைகளை நிமிர்த்திப் பிடிக்கும். முளை தளர்ந்தால் கயிறு தொய்யும். மிக இறுகினால் கழை பிளக்கும். எனவே மண்ணின் தன்மையை அறிந்து முளையடிப்பதே முதல் வித்தை. செம்மண்ணில் அடித்த ஆழம் மணலுக்குப் போதாது.

கயிற்றில் நடப்பவரின் கையிலும் ஒரு நீண்ட மூங்கில் இருக்கும். அது அழகுக்கு ஏந்தியதன்று. கம்பு நீண்டதாக இருக்கையில் உடல் ஒருபுறம் சாயும் வேகம் குறைகிறது. சாய்வை உணர்ந்து திருத்திக்கொள்ள நடப்பவருக்குச் சிறு பொழுது கிட்டுகிறது. இன்றைய இயற்பியல் இதனைச் சடத்துவத் திருப்புத்திறன் என விளக்கும். அப்பெயர் அறியாத கழைக்கூத்தாடி, தன் மகளின் உயரத்துக்கு எத்தனை முழக் கம்பு வேண்டும் என்பதை மட்டும் பிழையின்றி அறிந்திருந்தார்.

கடல் கடந்த பித்தளைக் குண்டுகள்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வித்தை கடல் கடந்தது. 1813ஆம் ஆண்டில் இந்திய வித்தைக்காரர் குழு ஒன்று இலண்டன் மாநகரில் ஆடியது. அக்காலத்து மேடைகளில் புகழ்பெற்றவர் ராமோ சாமி என ஆங்கிலேயர் அழைத்த தென்னிந்தியர். இராமசாமி என்னும் பெயரே அவ்வாறு திரிந்தது என்பர். 1821ஆம் ஆண்டில் வெளிவந்த வில்லியம் ஹாஸ்லிட்டின் 'இந்திய வித்தைக்காரர்கள்' என்னும் கட்டுரை ஆங்கில உரைநடையில் குறிப்பிடத்தக்கது. நான்கு பித்தளைக் குண்டுகளை மாறிமாறி எறிந்து ஏந்தும் ஒருவரை அவர் அதில் வருணிக்கிறார். அவ்வித்தையில் பிழைக்கு இடமே இல்லை. எழுத்தாளனின் பணியிலோ பிழைகள் நிறைந்துள்ளன. இவருக்கு நிகராகத் தன்னால் ஒன்றையேனும் செய்ய இயலுமா என எண்ணி நாணியதாக அவர் எழுதினார்.

எழுத்தாளர் ஒருவர் வித்தைக்காரர் முன் தலைதாழ்ந்த அரிய தருணம் அது. ஆயினும் அக்கட்டுரை மேலும் செல்லச் செல்ல, கைத்திறன் வேறு, அறிவின் ஆற்றல் வேறு எனப் பிரித்து, பின்னதையே உயர்ந்தது என நிறுவுகிறது. அப்பிரிவினையில் கருவியைச் சமைக்கும் அறிவுக்கு இடமில்லாமற் போயிற்று. குண்டின் எடையைத் தேர்வதும் கழையின் நீளத்தை அளப்பதும் கையின் பணியா, அறிவின் பணியா என்று அவர் கேட்கவில்லை. இராமசாமி 1850ஆம் ஆண்டில் இலண்டனில் வறுமையில் மறைந்தார். அடக்கத்துக்குப் பணம் வேண்டி அவர் மனைவி பிறர் உதவியை நாட நேர்ந்தது.

செய்தவர் நிலை

தாயகத்திலும் வித்தைக்காரர் நிலை மேம்படவில்லை. 1871ஆம் ஆண்டில் ஆங்கில அரசு கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஊர் ஊராகச் செல்வதையே தொழிலாகக் கொண்ட மக்கள் பலர் அதன் கீழ் ஐயத்துக்கு உரியவராயினர். சென்னை மாகாணத்தில் 1947ஆம் ஆண்டிலும் நாடு முழுவதும் 1952ஆம் ஆண்டிலும் அச்சட்டம் நீங்கியது. ஆனால் மூட்டையோடு ஊருக்குள் நுழையும் அயலாரைக் கண்டு ஐயுறும் வழக்கம் அத்துடன் நீங்கிவிடவில்லை. அம்மூட்டைக்குள் நான்கு கழையும் ஒரு கயிறும் ஒரு பறையும் மட்டுமே இருந்தன.

இதனால் கழைக்கூத்தைப் போற்றுவோர் ஓர் உண்மையை மறத்தலாகாது. தெருவில் கயிற்றின்மேல் நடப்பவர் பெரும்பாலும் சிறுமியர். கீழே விரித்த வலையில்லை. பிடித்துக்கொள்ளத் தந்தையின் கைகளே உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அச்சிறுமியரின் இடம் பள்ளி என்கிறது. சர்க்கஸ் அரங்குகளில் சிறுவரை ஈடுபடுத்தலாகாது என 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இவை வேண்டற்பாலன. நற்றிணையின் ஆடுமகளை வியந்து உரை எழுதும் நாம், அவள் வழியில் வரும் சிறுமி கயிற்றிலிருந்து இறங்கிப் பள்ளிக்குச் செல்வதை இழப்பு எனக் கருதுதல் நேர்மையாகாது.

எனினும் அவள் இறங்கும்போது அவள் குடும்பத்தின் அறிவும் சுவடின்றி மறைய வேண்டும் என்பதில்லை. புலவர்கள் கருவிகளின் பெயரைக் காத்தனர், பொருளைக் காத்தனர், பெருங்கதை போன்ற ஓரிடத்தில் செய்முறையையும் காத்தனர். அளவுகள் மட்டும் பாட்டில் ஏறவில்லை. எத்தனை விதையில் ஒன்று தேறும், செம்பில் எத்தனை படி மணல், முளைக்கு எத்தனை சாண் ஆழம், எந்த மாதத்தில் வெட்டிய மூங்கில் பிளவாது என்பன எல்லாம் செய்தவர் வாயிலும் கையிலும் மட்டுமே உள்ளன. அவர்களுள் பலர் முதுமை எய்திவிட்டனர்.

சொற்களைத் தொகுத்து அகராதிகளும் பாடல்களைத் தொகுத்துப் பதிப்புகளும் கண்ட தமிழுலகம், இவ்வளவுகளையும் தொகுப்பது அரிதன்று. கழங்காடும் மூதாட்டியர் இன்னும் சில ஊர்களில் உள்ளனர். கரகம் கட்டுவோர் கொடை விழாக்களுக்கு இன்றும் வருகின்றனர். கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு வேறு தொழில் நாடிய கழைக்கூத்தர் குடும்பங்கள் நகரங்களின் விளிம்புகளில் வாழ்கின்றன. அவர்களிடம் சென்று, விதையைத் தேர்வது எப்படி, முளையடிப்பது எப்படி எனக் கேட்டு, அவர்தம் சொற்களிலேயே எழுதிவைத்தல் வேண்டும். கூறியவர் விரும்பினால் அவர் பெயரும் அப்பதிவில் இடம்பெறுதல் வேண்டும். பந்து வரிந்த பெண்ணின் பெயரைப் பெருங்கதை கூறவில்லை. ஆடுமகளின் பெயரை நற்றிணையும் கூறவில்லை. இனி எழுதப்படும் பதிவுகளிலேனும் அக்குறை நீங்குவதாக.